பினாங்கிலிருந்து அக்கா மகள் வருகிறாள், வேலூர்ப் பக்கம் கையால் செய்கிற வேண்டுதல்கள் சொல்லுங்கள்

காட்பாடி சித்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் கார்த்திகைக் கடைசியில் பினாங்கிலிருந்து வருகிறார்கள். பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் தங்கல்.

இரண்டு பேருக்கும் லீவு கிடைத்தால் போதும், எங்காவது கிளம்பிவிடுவார்கள். ரோமில் திரெவி நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலே காசு வீசுகிற போட்டோ அனுப்பியிருந்தாள். அப்படிப் போட்டால் திரும்பவும் ரோமுக்கு வருவோம் என்பது அங்கே நம்பிக்கை. பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்தில் நெபோமுக் என்ற புனிதரின் சிலை இருக்கிறது. அதன் அடியில் உள்ள உலோகத் தகட்டைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். பல பேர் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் தங்கம் போலத் தேய்ந்து மின்னுகிறது. ஜப்பானில் கோயிலில் பலன் சீட்டு எடுத்தாளாம். கெட்ட பலன் வந்தால் அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே கட்டிவிட்டு வர வேண்டுமாம்.

போன வாரம் போனில் கேட்டாள்: "சித்தி, நம்ம ஊர்ல அப்படி என்ன இருக்கு? சும்மா பாத்துட்டு வர்ற இடம் வேணாம். என் கையால ஏதாவது செய்யணும்." நான் கோட்டை, ஜலகண்டேஸ்வரர், ஸ்ரீபுரம் என்று ஆரம்பித்தேன். அதெல்லாம் போன தடவையே பார்த்தாச்சே என்றாள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து 28 வருஷம் ஆகிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. அவளாக வாய் திறந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. விரிஞ்சிபுரம் கடை ஞாயிறு பற்றி என் நாத்தனார் சொன்னார். அவர்கள் இங்கே இருக்கும் நாட்களில்தான் அது வருகிறது. "ஒரு திருவிழா" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சோளிங்கர்ப் படி:

அக்கா, கார்த்திகை என்றால் முதலில் எங்கள் சோளிங்கர்தான். பெரிய மலை யோக நரசிம்மர் பதினொரு மாதம் கண்மூடி யோகத்தில் இருந்து, கார்த்திகையில்தான் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. வாரநாளில் வாருங்கள்.

மொத்தம் 1305 படி. 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது, முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் உங்கள் அக்கா மகள் கையால் செய்ய வேண்டும் என்கிறாளே, அப்படியென்றால் படியில் ஏறச் சொல்லுங்கள். நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம் என் அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினார். விடிகாலை ஐந்து மணிக்குக் கீழ்ப்படியில் ஆரம்பித்தவர் மேலே போய்ச் சேரும்போது பதினொன்றரை. நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே ஏறினேன். அவர் கட்டைவிரலில் மஞ்சள் போக ஒரு வாரம் ஆனது. இன்றைக்கும் பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

மேலே போனதும் தரிசனம் முடிந்தது என்று இறங்கிவிட வேண்டாம். தலத்தின் பேரே திருக்கடிகை. கடிகை என்றால் நாழிகை, 24 நிமிஷம். ஒரு நாழிகை அங்கே இருந்தாலே மோட்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போனைப் பையில் போட்டுவிட்டு அந்த நேரத்துக்கு உட்காருங்கள். எதிரே சின்ன மலையில் 406 படி ஏறினால் சங்கு சக்கரத்தோடு யோக ஆஞ்சநேயர். வழியெல்லாம் குரங்கு உண்டு, தேங்காய் பழத்தை வெளியே தெரிகிற மாதிரி எடுத்துப் போகாதீர்கள்.

மதிலோரத்து வீடு:

தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 63 ஆகிறது. நான் பிறந்ததே விரிஞ்சிபுரம் கோயில் மதிலுக்குப் பக்கத்து வீட்டில். திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்களே, அந்த மதில்.

சொல்லாமல் அழைத்துப் போகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறுதான் கடை ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரியே ஊர் நிறைந்துவிடும். நடு ராத்திரிக்கு மேல் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் இறங்குவார்கள். சிங்கமுகம் வைத்த தீர்த்தம் அது. முழுகி எழுந்து, ஈரப் புடவையோடு வந்து பிராகாரத்துக் கல்லில் படுப்பார்கள். எங்கள் கோயில் சிவன் மார்க்கபந்தீஸ்வரர் வயதானவர் வடிவத்தில் கனவில் வந்து பூவோ பழமோ கொடுத்தால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. சிவசர்மன் என்ற பையன் கதையும் இதோடு சேர்ந்தது. அப்பா இறந்த பிறகு சின்ன வயதிலேயே பூஜை செய்ய வந்தவன். லிங்கத்தின் உச்சி எட்டாமல் அழுதானாம். சாமி தலையைச் சாய்த்துக் கொடுத்தாராம். இன்றைக்கும் லிங்கம் சாய்ந்தேதான் இருக்கிறது. அது நடந்ததும் ஒரு கடை ஞாயிறில்தான் என்று என் பாட்டி சொல்வார். ஒரு பிள்ளைக்காகக் குனிந்த சாமியிடம்தான் பிள்ளை கேட்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். 1994-ல் என்று ஞாபகம். ஒரு பெண்ணை அவள் புகுந்த வீட்டுக்காரர்கள் பெங்களூரிலிருந்து அழைத்து வந்தார்கள், திருவிழா பார்க்கலாம் என்று சொல்லி. தீர்த்தத்துப் படிக்கட்டில் நிற்கும்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, திரும்ப வழியில்லை. முழுகி எழுந்து வந்தவள் படுக்கவில்லை. மதிலோரமாகச் சுருண்டு உட்கார்ந்து, பல் கிட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். என் அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏம்மா, உன்னைக் கேட்டுக்கினு இட்டாந்தாங்களா?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்து உலர்ந்த புடவை கொடுத்து, சுடச்சுட காப்பி வைத்துக் கொடுத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். விடிந்த பிறகு, "எல்லார் முன்னாடியும் என் குறையைச் சொல்லிட்டாங்களே அத்தை" என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நானும் படுத்தவள்தான். இரண்டு வருஷம். முதல் வருஷம் கனவும் இல்லை, தூக்கமும் இல்லை. கல்லின் குளிர் முதுகில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் என்னைச் சுற்றிலும் என் மாதிரியே நூற்றுக்கணக்கான பெண்கள். யாரும் யாரையும் "எத்தனை வருஷம்?" என்று கேட்கவில்லை. மற்ற 364 நாளும் கேட்பார்கள், அந்த ராத்திரி கேட்க மாட்டார்கள். அதற்காகவே அடுத்த வருஷமும் போனேன். அந்தத் தடவை ஒரு எலுமிச்சம்பழம் கனவில் வந்தது. வேலூரில் டாக்டரிடம் பார்த்துக்கொண்டதையும் நிறுத்தவில்லை. பையன் பிறந்தான். இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே முன்கூட்டியே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வர விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். வேறொரு நாள் பகலில் சாதாரணமாகக் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். மாப்பிள்ளைக்கு மணி காட்டும் கல்லைக் காட்டலாம். பாதிச் சந்திரன் மாதிரி கல்லில் எண்கள் வெட்டியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. சின்ன வயதில் நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஈர்க்குச்சி வைத்துப் பார்த்துவிட்டு ஓடுவோம். தல மரம் பனை. ஒரு வருஷம் வெள்ளைக் காய், மறு வருஷம் கறுப்புக் காய் காய்க்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

விருப்பப்பட்டு வந்தால் நனைவதற்குப் பழைய நூல் புடவை ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று. சிந்தெடிக் உடம்போடு ஒட்டும், வேண்டாம். சோப்பு, ஷாம்பு கூடாது. நகை போடாமல் வரட்டும். படுத்திருக்கும் பெண்களைத் தயவுசெய்து யாரும் போட்டோ எடுக்காதீர்கள். இப்போது சில பேர் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆம்பூர் போகிற பஸ்ஸில் செதுவாலையில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும்.

ராணிப்பேட்டை தோல் சரக்கு:

மேலே அம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டச்சு செய்யத் தோன்றவில்லை.

தோல் வியாபாரத்துக்காக இத்தாலி போய்வருகிறவன் நான். பிளாரன்ஸில் தோல் பொருள் விற்கிற பழைய சந்தை ஒன்று இருக்கிறது, அதன் ஓரத்தில் வெண்கலக் காட்டுப்பன்றி. மூக்கைத் தடவினால் மறுபடியும் அந்த ஊருக்கு வருவோம் என்பார்கள். வாயில் காசு வைத்துவிட வேண்டும், அது வழுக்கிக் கீழே உள்ள கம்பிச் சட்டத்துக்குள் விழுந்தால் அதிர்ஷ்டம். பியத்ரோ தாக்கா என்ற சிற்பி 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது அது. சந்தையில் இருப்பது அதன் நகல். எனக்குப் பிடித்தது என்னவென்றால் அந்தக் காசு தர்மத்துக்குப் போகிறது. உங்கள் அக்கா மகள் திரெவியில் போட்ட காசும் அப்படித்தான். அள்ளியெடுத்து ஏழைகளுக்கு உதவும் காரித்தாஸ் அமைப்புக்குக் கொடுக்கிறார்கள்.

நம் பக்கம் அதே மாதிரி வேண்டுமென்றால் ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா தர்கா. அவுலியா என்றால் இறைநேசர். ஹைதர் அலியும் பாத்திமாவும் பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்ட இடம் அது. பிறந்த மகனுக்கு அவுலியாவின் பேரையே வைத்தார்கள். அவர்தான் திப்பு சுல்தான். எந்த மதத்துக்காரர் போனாலும் தடையில்லை. என் பாட்டி மல்லிகைச் சரமும் அரைக் கிலோ சர்க்கரையும் வாங்கிப் போவார். ஓதி முடித்ததும் சர்க்கரைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, அங்கே நிற்கிற ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைக்கச் சொல்வார். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரைக்கூட விடக்கூடாது. "எல்லாருக்கும் குடுத்து முடிக்கிற வரைக்கும் நீ வாயில வைக்கக்கூடாது" என்பார். காகிதத்தில் ஒட்டியிருக்கும் கடைசிச் சர்க்கரைதான் எனக்கு. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் நான் இன்றைக்கும் அப்படியே செய்கிறேன். திரும்பும்போது ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக் கொடுங்கள், பினாங்குக்கு எடுத்துப் போக மாட்டார்கள், வழியிலேயே தீர்ந்துவிடும்.

வள்ளிமலையும் கிட்டதான், தேனும் தினைமாவும் பிரசாதம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகலான வழியில் தவழ்ந்து வெளியே வருவதும் அவர்களுக்குப் பிடிக்கும்.

காட்பாடி சித்தி:

எல்லோருக்கும் நன்றி. மதிலோரத்து அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே ராத்திரி அவளுக்குப் போன் போட்டேன். கடை ஞாயிறு என்றால் என்ன, எதற்காக முழுகுவார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். வர வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் சொன்னாள்: "சித்தி, ரோம்ல அந்தக் காசைப் போட்டப்போ நான் வேண்டிக்கிட்டது திரும்பி ரோமுக்கு வரணும்னு இல்ல."

வருகிறாள். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாளாம். ஆற்காட்டுக்கும் போகிறோம், சர்க்கரையை அவளே கொடுப்பாள். சோளிங்கருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்வோம்.

ஒன்றே ஒன்று. எனக்கு வயது 54, இரண்டு பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். நான் அவளோடு தீர்த்தத்தில் இறங்கலாமா? அவளைத் தனியாக இறங்கவிட்டுக் கரையில் நிற்க மனசு வரவில்லை.

மதிலோரத்து வீடு:

தாராளமாக இறங்கலாம். எனக்காக என் அம்மா இறங்கினார், இரண்டு வருஷமும். கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இருவரும் முழுகுங்கள், படியில் பாசி இருக்கும், ஓரமாகக் கால் வையுங்கள்.

சனிக்கிழமை இருட்டுவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தனிச் செய்தியில் வழி அனுப்புகிறேன். மாப்பிள்ளை திண்ணையில் படுத்துக்கொள்ளட்டும், போர்வை இருக்கிறது. உனக்கும் சேர்த்து மொத்தம் நாலு புடவை எடுத்து வா. பூசிக் குளிக்க மஞ்சள் கிழங்கு கொண்டுவர வேண்டாம், கொல்லையில் இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது.