புதுப்பிப்பு: விறகு ரம்பம், 50 சிசி என்று முடிவு

முன்பு கேட்டிருந்தது இது: 40 சிசி பெட்ரோல் செயின்சா இழுவை இழந்துவிட்டது, பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

சைலன்சரைக் கழற்றிப் புகைவாய் வழியே பார்த்ததில் பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள். பெட்ரோல்-ஆயில் கலவையில் ஆயில் குறைந்தாலோ, கிராங்க் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) வழியே காற்று கசிந்தாலோ இப்படித்தான் ஆகும். கசிவை அடைக்காமல் பிஸ்டனையும் சிலிண்டரையும் மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதி. ஆகவே புதிதுதான்.

எடுப்பது 50 சிசி, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தட்டையான பட்டை). பலர் 20 அங்குலம் சொன்னீர்கள். காய்ந்த வன்மரத்தில் நீளமான பார் இந்த எஞ்சினைத் திணறடிக்கும். தீட்ட வேண்டிய பற்களும் கூடும். தடித்த கட்டையை இரு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். 0.325 அங்குல பிட்ச் (கண்ணிகளின் சராசரி இடைவெளி) செயினைத் தீட்ட 4.8 மிமீ உருண்டை அரம். செயின் வாங்கும்போது பிட்ச், டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை, கேஜ் (அந்தக் கண்ணியின் தடிமன்) மூன்றும் பொருந்த வேண்டும். பாரின் எஞ்சினை ஒட்டிய முனையில் அவை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

பேட்டரி ரம்பம் பற்றியும் கேட்டீர்கள். கொஞ்சம் கிளை வெட்ட அருமை. நாள் முழுக்க என்றால் பேட்டரிகள் பல வேண்டும்.

கலவை 50:1, அதாவது லிட்டருக்கு 20 மிலி டூ-ஸ்ட்ரோக் ஆயில். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் பெருமளவு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பாரின் எண்ணெய்த் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சீவல் விழாமல் மாவாக விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காதீர்கள், தீட்டுங்கள்.