பேனலில் 13.6 காட்டியதே! — ‘சக்கர வீடு’ குடும்பக் குழு

சனி, காலை 6:12

நான்: எல்லாரும் எழுந்தாச்சா? ராத்திரி 2 மணிக்கு நம் கேம்பர் வண்டிக்குள் விளக்கெல்லாம் மங்கி மங்கி அணைந்துவிட்டது. ஃபிரிட்ஜும் நின்றுபோனது. நேற்று கிளம்பும்போது வண்டியின் கன்ட்ரோல் பேனலில் 13.6 வோல்ட் காட்டியது. முழு சார்ஜ்தானே அது?

அம்மா: ராத்திரி பூரா இருட்டிலேயா இருந்தீர்கள்?

நான்: டார்ச் இருந்தது அம்மா. பயப்படாதே.

மாமா: 13.6ஐ எப்போது பார்த்தாய்? கரண்ட் வயர் செருகியிருந்தபோதா, பிடுங்கிய பிறகா?

நான்: செருகியிருந்தபோது. பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினேன்.

மாமா: அப்படியென்றால் நீ பார்த்தது சார்ஜர் தள்ளுகிற வோல்ட். பேட்டரியின் வோல்ட் இல்லை. செத்த பேட்டரிகூட சார்ஜர் தயவில் 13.6 காட்டும்.

அக்கா: மாமா ஆரம்பித்துவிட்டார். நான் பல் தேய்த்துவிட்டு வருகிறேன்.

மாமா: மல்டிமீட்டர் இருக்கிறதா? மேலே சோலார் உண்டா?

நான்: மீட்டர் இருக்கிறது. சோலார் இல்லை.

மாமா: நல்லது. 2 மணியிலிருந்து எதுவும் ஓடவில்லை, எதுவும் ஏறவும் இல்லை. பேட்டரி நாலு மணி நேரம் ஓய்வில் இருக்கிறது. இப்போது அளந்தால் உண்மை தெரியும். பேனலைப் பார்க்காதே, சீட்டுக்கு அடியில் போய்ப் பேட்டரி முனையிலேயே வைத்துப் பார்.

நான்: 11.3

மாமா: காலி. ஈய பேட்டரிக்கு ஓய்வில் 12.7 முழுசு, 12.2 பாதி, 11.8க்குக் கீழே ஒன்றுமில்லை. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. ராத்திரி என்னென்ன ஓடியது?

நான்: ஃபிரிட்ஜ், இரண்டு எல்ஈடி, ஹீட்டர் ஃபேன், போன் சார்ஜ். அவ்வளவுதான்.

மாமா: கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர். பாதி நேரம் ஓடியதாக வை. எல்லாம் சேர்த்தாலும் ஒரு ராத்திரிக்கு 35 ஆம்பியர் மணி தாண்டாது. உன்னிடம் 100 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு இருக்கிறது. இரண்டு ராத்திரி தாங்க வேண்டியது. கணக்கு இடிக்கிறதே.

அத்தான்: நான் அப்போதே சொன்னேன், லித்தியம் போடு என்று 😌

மாமா: மாப்பிள்ளை, நோய் என்னவென்று தெரியாமல் மருந்து மாற்றக் கூடாது. இருங்கள்.

நான்: இன்னொன்றும் புரியவில்லை. நேற்று மூன்று மணி நேரம் ஓட்டினேன். அதில் ஏறியிருக்க வேண்டாமா?

மாமா: புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தருகிற கருவி, கெட்டிக்காரத்தனம் பண்ணும். எஞ்சின் பேட்டரி நிரம்பியதும் டீசல் மிச்சப்படுத்த வோல்ட்டைக் குறைத்துவிடும். விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டுகிற உள் பேட்டரிக்கு 14.4 வேண்டும். 12.6ஐ வைத்துக்கொண்டு எப்படி ஏற்றுவது? அதற்கு நடுவில் ஒரு பி-டு-பி (பேட்டரி-டு-பேட்டரி) சார்ஜர் வேண்டும். வாங்குகிற வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும். உனக்கு வெறும் ரிலேதான், எஞ்சின் ஓடும்போது எஞ்சின் பேட்டரியையும் உள் பேட்டரியையும் இணைக்கிற சுவிட்ச், என்று நினைக்கிறேன்.

நான்: ஆமாம், ஒரு சின்ன கறுப்புப் பெட்டி. ‘டக்’ என்று சத்தம் வரும்.

மாமா: அதுதான் ரிலே. சரி, வண்டியை வாங்கியபிறகு எத்தனை நாள் சும்மா நின்றது?

நான்: இரண்டு மாதம். ஆனால் எல்லாவற்றையும் அணைத்துத்தான் நிறுத்தினேன் மாமா.

மாமா: கேஸ் அலாரம், ரேடியோ, டிராக்கர், அந்தப் பேனல். இவற்றை யார் அணைத்தது? எல்லாம் சேர்ந்து 0.1 ஆம்பியர் என்றே வை. ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி. மாதத்துக்கு 72. இரண்டு மாதத்துக்கு 144. பாதிக்கும் கீழே போய் அப்படியே கிடந்திருக்கிறது. சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். ஈய சல்ஃபேட். புதிதாகப் படிந்தது சார்ஜ் செய்தால் கரையும், நாள்பட்டது கரையாது.

அம்மா: தண்ணீர்க் குழாயில் படியுமே, அந்த மாதிரியா?

மாமா: கிட்டத்தட்ட அப்படித்தான் அக்கா.

நான்: இப்போது என்ன செய்ய?

மாமா: கரண்ட் உள்ள இடத்தில் நிறுத்தி முழுசாக ஒரு நாள் சார்ஜ் போடு. பெட்டி மூடியைத் திறந்து வை, பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதே. ஹைட்ரஜன் வரும். அவ்வப்போது கையால் தொட்டுப் பார்.

ஞாயிறு, காலை 9:40

நான்: மாமா, ஒன்று வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இன்னொன்று கை வைக்க முடியாத சூடு. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

மாமா: உடனே சார்ஜரை நிறுத்து. ஜன்னல் கதவு எல்லாம் திற. வெளியே வா.

மாமா: வந்தாயா?

அக்கா: டேய், பதில் போடு

நான்: வந்துவிட்டேன். வெளியேதான் நிற்கிறேன். நாற்றம் குறைகிறது.

மாமா: நாற்றம் முழுசாகப் போய், பேட்டரி நன்றாக ஆறியபிறகு கண்ணாடி, கையுறை மாட்டிக்கொண்டு போ. நெகட்டிவ் வயரை முதலில் கழற்று, அப்புறம் பாசிட்டிவ். இரண்டு பேட்டரியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரி. சாயங்காலம் தனித்தனியாக அள.

ஞாயிறு, மாலை 5:05

நான்: ஒன்று 12.6. இன்னொன்று 10.4

மாமா: கிடைத்தது திருடன். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறை, அறைக்கு 2.1. ஓர் அறை செத்தால் மிச்சம் ஐந்து, பத்தரை. கிட்டத்தட்ட அதுதான் உன் மீட்டரில். பக்கத்தில் கட்டியிருந்த நல்ல பேட்டரியின் சார்ஜை ராத்திரி பூரா இது குடித்துக்கொண்டிருந்தது. சார்ஜர் போட்டால், ஐந்து அறைக்கு ஆறு அறையின் வோல்ட். கொதிக்காமல் என்ன செய்யும்?

அத்தான்: அப்போ இப்போதாவது லித்தியம்?

மாமா: இப்போது பேசலாம் மாப்பிள்ளை. 100 ஆம்பியர் மணியில் கிட்டத்தட்ட முழுசையும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. ஆனால் அவனுடைய சார்ஜரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ரிலேயை எடுத்துவிட வேண்டும். லித்தியம் கொடுத்ததை எல்லாம் வாங்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. வோல்ட்டை வைத்து மிச்சம் எவ்வளவு என்றும் சொல்ல முடியாது, 13.2லேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும். ஷன்ட் வைத்த மானிட்டர், அதாவது போகிற வருகிற கரண்டை அளந்து கணக்கு வைக்கிற மீட்டர், கட்டாயம்.

அத்தான்: சரி சரி, ஒரு பேட்டரிக்கு இவ்வளவா

நான்: மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே போகிறோம். எனக்கு ஏஜிஎம், அந்த மூடிய வகை ஈய பேட்டரியே, போதும் என்று தோன்றுகிறது. நல்லது ஒன்று இருக்கிறதே, ஒன்று மட்டும் வாங்கினால் போதாதா?

மாமா: அந்த ஆசைதான் வேண்டாம் என்கிறேன். பழசையும் புதுசையும் சேர்த்துக் கட்டினால் பழசு புதுசைக் கெடுக்கும். ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கிய இரண்டு. கட்டும்போது பாசிட்டிவை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடு. ஒன்றிலிருந்தே இரண்டையும் எடுத்தால் அந்த ஒன்றுதான் முதலில் தேயும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நான்: சும்மா நிற்கும்போது?

மாமா: நெகட்டிவில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். அதைத் திருப்பிவிட்டால் அலாரம் கிலாரம் எதுவும் குடிக்காது. மாதம் ஒருமுறை ஒரு நாள் சார்ஜ். குளிர் காலத்தில் இது முக்கியம், காலியான பேட்டரி உறைந்து விரிசல் விடும், நிறைந்தது அவ்வளவு சீக்கிரம் உறையாது.

அம்மா: பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டுவிடாதே. அமிலம்.

நான்: விற்கிற கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் அம்மா.

அக்கா: எல்லாம் முடிந்ததா? எனக்கு ஒரே ஒரு சந்தேகம். புது பேட்டரி போட்டால் இன்வெர்ட்டரில் என் ஹேர் டிரையர் ஓடுமா? 1,800 வாட்தான்.

மாமா: 1,800ஐ 12ஆல் வகுத்துப் பார்.

அக்கா: 150

மாமா: 150 ஆம்பியர். இன்வெர்ட்டர் தின்பது தனி. உன் தம்பி வண்டியில் வயர் எவ்வளவு தடிமன் என்று தெரியுமா?

அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: படித்துவிட்டேன் 😄

அக்கா: துண்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். போதுமா?