‘எனிஒன் டிட்நாட் கம்’ ஏன் தப்பு? யூகே புதுசா வந்தவங்களுக்கு

ஒரு தம்பி கேட்டிருந்தாரு, மீட்டிங்ல ‘எனிஒன் டிட்நாட் கம்’னு சொன்னேன், மேனேஜர் முழிச்சாரு, என்ன தப்புன்னு. நம்மாளுங்க முக்காவாசி பேர் இப்படித்தான் சொல்றோம் தம்பி. தமிழ்ல யாரும், ஒண்ணும்னு ஆரம்பிச்சுட்டு ‘இல்ல’ங்கறத கடைசில வெர்ப்ல வெப்போம், யாரும் வரல, ஒண்ணும் வாங்கல. இங்கிலீஷ்ல அந்த ‘இல்ல’ முன்னாடியே வந்துடணும், ‘நோபடி கேம்’, அவ்ளோதான். எனிஒன் வேணும்னா ‘நாட்’ங்கற வார்த்தைக்கு அப்புறம் போடுங்க, ‘ஐ டிட்நாட் சீ எனிஒன்’. ‘நோபடி’யும் போட்டு ‘நாட்’டும் போடாதீங்க.

சம்ஒன், எனிஒன் குழப்பத்துக்கு நம்ம தமிழே கை கொடுக்கும். யாரோ கூப்பிட்டாங்கன்னா சம்ஒன். யாராவது கூப்பிட்டாங்களான்னா எனிஒன். யாரு வேணாலும் வரலாம்னா அதுவும் எனிஒன் தான். ஆனா ‘யாராவது கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க’ன்னா சம்ஒன், இங்க தான் வழுக்கும். கேள்வின்னாலே எனி தான்னு ஸ்கூல்ல உருப்போட்டதையும் அப்படியே நம்பாதீங்க, வீட்டுக்கு வந்தவங்கள உபசரிக்கும்போது ‘வுட் யூ லைக் சம்திங் டு டிரிங்க்’னு தான் கேப்பாங்க, ஆமான்னு சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்து கேக்குறது அது.

எவ்ரிஒன் எத்தன பேரா இருந்தாலும் ‘இஸ்’ தான், ‘ஆர்’ கிடையாது. ஆனா அதே வாக்கியத்துல ‘தெயர்’ வரும், ‘எவ்ரிஒன் ஹாஸ் தெயர் ஓன் கீ’. நம்ம டீச்சர் சொல்லிக்குடுத்த ‘ஹிஸ் ஆர் ஹெர்’லாம் இப்ப யாரும் பேச்சுல சொல்றதில்ல. தெயர் இப்படி வர்றது புது ஃபேஷன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க, 14ஆம் நூற்றாண்டுலயே இந்த வழக்கம் இருக்கு.

ஏர்போர்ட் செக்இன்ல ஒரு விஷயம் கவனம். ‘ஹாஸ் எனிஒன் கிவன் யூ எனிதிங் டு கேரி’ன்னு கேப்பாங்க, நோ சொல்லிடுவோம், பிரச்சனை இல்ல. அடுத்து உறுதிப்படுத்திக்க ‘ஸோ நோபடி கேவ் யூ எனிதிங்?’னு கேட்டா நம்ம வாய் தானா ‘எஸ்’னு சொல்லிடும், ஏன்னா தமிழ்ல ‘ஆமா, யாரும் தரல’ன்னு தானே சொல்லுவோம். அங்கயும் ‘நோ, நோபடி’ தான் சொல்லணும். இல்லன்னா அவங்க திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிப்பாங்க, பின்னாடி க்யூல நிக்கிறவங்க மொறைப்பாங்க.

இன்னொண்ணு, காசு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்துல வீட்டுல 18 வயசு ஆனவங்க ஒருத்தர் மட்டும் இருந்தா கவுன்சில் டாக்ஸ்ல, அதாவது குடியிருக்கற வீட்டுக்கு உள்ளூர் கவுன்சிலுக்கு கட்டுற வரியில, 25% தள்ளுபடி உண்டு. அதுக்கு அப்ளை பண்ணும்போது 18 வயசோ அதுக்கு மேலயோ ஆன ‘எனிஒன் எல்ஸ்’ வசிக்கிறாங்களான்னு கேட்டா, சொந்தக்காரங்க மட்டும்னோ அக்ரிமென்ட்ல பேர் உள்ளவங்க மட்டும்னோ நெனச்சுக்காதீங்க. ஹால்ல படுத்துக்கிட்டு வாடகை ஷேர் பண்ற ஃப்ரெண்டும் அதுல அடக்கம். லீவுக்கு வந்து ரெண்டு வாரம் தங்கிட்டு போற தம்பி அந்த ‘எனிஒன் எல்ஸ்’ல வரமாட்டார், ஃபுல்டைம் ஸ்டூடன்ட்ட டிஸ்கவுன்ட் கணக்குல சேக்க மாட்டாங்க, ஆனா அவர் இருக்காருங்கறத எழுதித்தான் ஆகணும்.