நம்ம கோயிலுக்கு 150 வருஷம்: பெயர் தெரியாதவர்களின் பெயரைத் தேடுவோம்

அன்பான இடையன்குடி சொந்தங்களுக்கு ஸ்தோத்திரம்.

2030 ஜூலை 6 அன்று, திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் நம் தூய திரித்துவ ஆலயம் பிரதிஷ்டையாகி 150 வருஷம் நிறைகிறது. அதற்கு நம் ஊர்ச் சங்கத்தின் சார்பில் என்ன செய்யலாம் என்று பேச்சு தொடங்கியிருப்பது சந்தோஷம். அலங்கார வளைவு, பளிங்குக் கல்வெட்டு, மலர், பெரிய அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) என்று ஆளுக்கொரு யோசனை வந்திருக்கிறது. அசனம் இல்லாமல் பண்டிகை ஏது? அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கல்வெட்டு விஷயத்தில் மட்டும் என் மனதில் இருப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் கோயில் வேலை 1847இல் ஆரம்பித்து 1880இல் முடிந்தது. மொத்தம் 33 வருஷம். ஆரம்பிக்கும்போது, அதைக் கட்டிய மிஷனரி கால்டுவெல் ஐயருக்கு (குருமாரை நம் பக்கத்தில் ஐயர் என்றுதானே சொல்வோம்) வயது 33, பிரதிஷ்டை அன்று 66. இடைப்பட்ட காலத்தில் அவர் என்னவெல்லாம் செய்தார் என்பது உலகத்துக்கே தெரியும். 1856இல் திராவிட மொழிகளைப் பற்றிய அவருடைய ஒப்பிலக்கணம் லண்டனில் அச்சாகி வெளிவந்தது, 1875இல் அதன் இரண்டாம் பதிப்பு. 1877 மார்ச்சில் கல்கத்தாவில் இன்னொரு மிஷனரியான சார்ஜென்ட் ஐயரோடு சேர்ந்து அத்தியட்சராக (பிஷப்) அபிஷேகம் பெற்றார். மெரினாவில் 1968இல் சிலை வைத்தார்கள், 2010இல் தபால்தலை வந்தது, 2011இல் ஊரில் அவர் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லமானது. அவர் பெயருக்குக் கல்வெட்டுப் பஞ்சம் இல்லை. கொடைக்கானலில் இறந்தவரை அங்கிருந்து கொண்டுவந்து நம் கோயில் பலிபீடத்தின் கீழேயே அடக்கம் செய்தார்கள். இதைவிட என்ன மரியாதையை நாம் புதிதாகச் செய்துவிட முடியும்?

நான் கேட்பது மற்றவர்களைப் பற்றி. கோதிக் ஜன்னல் வளைவு எப்படி வர வேண்டும் என்று ஐயர் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். சரி, அந்த மாதிரியைப் பார்த்துக் கல்லில் கொண்டுவந்த கொத்தனார் யார்? அதுவரை அப்படி ஒரு வளைவைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஆளாகத்தான் அவர் இருந்திருப்பார். சுண்ணாம்பு அரைத்த பெண்கள் யார்? சாப்பாட்டுக்கு உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் தனியாகப் போட்டு வைத்து, அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்த வீடுகள் எவை? 1847இல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, சாரம் கட்டிய சுவரைப் பார்த்தே வளர்ந்து, பனையேறப் பழகி, கல்யாணம் முடித்து, தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதிஷ்டை ஆராதனைக்கு வந்திருக்கும். ஒரு தலைமுறை முழுக்க முடியாத கோயிலோடு வாழ்ந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நீலகிரி சுற்றி நடந்தே வந்து 1841 கடைசியில் இடையன்குடியில் காலடி வைத்தபோது இங்கே ஏற்கெனவே சபை இருந்தது. 1799இல் முதலூர் உண்டானதிலிருந்தே நம் தேரிக்காட்டுப் பக்கம் கிறிஸ்தவம் ஊர் ஊராகப் பரவியிருந்தது. பரப்பியவர்கள் பெரும்பாலும் சபைகளில் போதித்த நம் ஊர் உபதேசியார்கள். ஐயர் நிலம் வாங்கினார், கிணறு வெட்டினார், நூல் பிடித்த மாதிரி தெருக்களை நேராக்கினார். அந்தத் தெருவில் குடியிருந்து அதை ஊராக்கியது நம் பாட்டன் பூட்டன்கள்.

இவர்கள் பெயரைத் தேட ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் 1538இலிருந்தே ஒரு கட்டளை உண்டு: ஒவ்வொரு சேகரத்திலும் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். அரசன் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு வரி, கூலிக்காரன் பிள்ளைக்கும் ஒரு வரி. கால்டுவெல் ஐயர் சேர்ந்திருந்த, அந்தத் திருச்சபையின் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.யின் மிஷனரிகள் ஜெபப் புத்தகத்தோடும் அங்கியோடும் லெந்து (தவக்கால) நாட்களோடும் இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். 1947இல் நாம் தென்னிந்தியத் திருச்சபையான பிறகும் இது தொடர்கிறது. நாசரேத், முதலூர், சாயர்புரம் என்று எஸ்.பி.ஜி. ஊர்களிலும், மெஞ்ஞானபுரம், டோனாவூர் என்று அதே திருச்சபையின் இன்னொரு மிஷன் சங்கமான சி.எம்.எஸ். ஊர்களிலும் இது பொது. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியில் நமக்குக் கிடைத்தவற்றில் கோபுரத்தையும் மணியையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பனையேறிக் குடும்பத்தின் பெயரை வேறு யார் அந்தக் காலத்தில் மரியாதையாக ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்?

அந்தப் படிவத்தில் தகப்பன் தொழிலுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. பனையேற்று, கொத்து வேலை, தச்சு, வியாபாரம் என்று அதை வருஷவாரியாகத் தொகுத்தாலே ஊரின் கதை வந்துவிடும். பிறகு கொழும்புக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்கள், வாத்தியார் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் போனவர்கள், கடைசியில் நம்மைப் போலக் கடல் தாண்டியவர்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள் என்று படிக்கிறோம். அதே மாதங்களின் அடக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் பாரம் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள்: 150ஆவது வருஷத்துக்கு முன்னால் நம் சேகரத்தில் எந்தெந்த வருஷத்துப் பதிவேடுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுக்கச் சங்கம் பணம் ஒதுக்கட்டும். சேகர குருவானவரிடமும் திருமண்டல அலுவலகத்திலும் முறைப்படி அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும். புத்தகம் கோயிலை விட்டு வெளியே போகக் கூடாது. அங்கேயே ஒரு மேஜை, மேலிருந்து படம் எடுக்க ஒரு நல்ல கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு, இது போதும். தயவுசெய்து யாரும் லேமினேஷன் செய்கிறேன் என்றோ, கிழிந்த பக்கத்துக்கு டேப் ஒட்டுகிறேன் என்றோ கிளம்பிவிட வேண்டாம். கரையானும் ராமபாணப் பூச்சியும் செய்யும் கெடுதலுக்கு அதுவும் குறைந்ததில்லை. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை எங்கேயும் வெளியிடவும் கூடாது. பழையவை மட்டும் போதும்.

இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வேலை. எஸ்.பி.ஜி.யின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. மிஷனரிகள் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கைகளில் உபதேசியார்களின் பெயர்கள், பள்ளிக்கூடங்கள், காணிக்கைத் தொகைகள் எல்லாம் இடையிடையே வரும். அனுமதி வாங்கி உட்கார்ந்து படிக்க ஆள்தான் வேண்டும்.

கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயரின் மகள், அங்கேயே தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் கல்யாணமாகி நம் ஊருக்கு வந்தார். தாயார் மார்த்தா நாகர்கோவிலில் பெண்களுக்குப் பழக்கிய லேஸ் பின்னலை இவர் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார், பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியும் நடத்தினார். உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. பெண் கையில் சொந்தக் காசு புழங்க அதுவும் ஒரு வழியானது. வீட்டில் அந்தத் தலையணையோ குச்சியோ பழைய லேஸ் துண்டோ மிச்சம் இருந்தால், அது கோயில் வரலாற்றில் கல்லுக்குச் சமம்.

மலர் போடுவதானால் ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1849இல் ஐயர் நம் முன்னோரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல் அவர்களைத் தாழ்த்திப் பேசியது. அது பின்னாளில் நம்மவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதற்கு எதிர்ப்புகளே சாட்சி. நாசரேத்தில் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857இல் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபையையே உண்டாக்கினார். கால்டுவெல் நூலையும் அவர் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் அந்த நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஐயர் மேல் எனக்கிருக்கும் அன்பும் நன்றியும் இதனால் குறையவில்லை. 33 வருஷம் ஒரு சுவரை விடாமல் எழுப்பியவரும் அவர்தான், அந்த நூலை எழுதியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதும் தைரியம் நமக்கு இருக்கட்டும்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெயின்ட், டைல்ஸ், கிரானைட் என்று பணம் அனுப்புவதற்கு முன், சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல்லையும் சேர்த்துப் பொரியவைக்கும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கிய ஊருக்குச் சுண்ணாம்பின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக, இதற்கெல்லாம் காத்திருக்காமல் இந்த விடுமுறையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் 80 வயது தாண்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து, போனில் ஒலிப்பதிவு எடுத்து வாருங்கள். பாளை அருவாளும் கடிப்பும் முருக்குத்தடியுமாகப் பனை ஏறியவர்கள், கோயில்பிள்ளையாக மணி அடித்தவர்கள், பாடகர் குழுவில் பாடிய அம்மாமார், அசனத்துக்கு அண்டா வைத்தவர்கள் என்று எல்லாரையும் கேளுங்கள். “உங்க தாத்தா பேரு என்ன? அவரு தாத்தா பேரு என்ன? கோயில் கட்டினதைப் பத்தி அவங்க என்ன சொல்லுவாங்க?” என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

பட்டியல் எடுக்கும் வேலைக்கு நான் ஒரு பங்கு பணம் தருகிறேன், விடுமுறையில் வந்து நின்று உழைக்கவும் தயார். என்னோடு சேருகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாரேனும் இருந்தால் முதலில் நீங்கள் கை தூக்குங்கள், அந்த வேலைக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் தம்பி, அபுதாபியிலிருந்து