தேய்த்தது ஒரு நாள், கழிந்தது இன்னொரு நாள்

வானம்பாடி:

கார்டில் செலவழித்த பணம் அப்போதே கழியாமல், நாம் மறந்துபோன பிறகு ஒரு நாள் கணக்கில் வந்து நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்குப் போன மாதம் நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

விமானத்தில் குளிர் தாங்காமல் ஒரு போர்வையும், பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை கேட்காமல் இருக்க ஒரு ஹெட்போனும் வாங்கினேன். பணிப்பெண் நீட்டிய சின்ன மெஷினில் டெபிட் கார்டைச் செருகினேன். சீட்டு வந்தது. போனில் சிக்னல் இல்லாததால் வங்கியின் குறுஞ்செய்தி வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இறங்கிய பிறகும் வரவில்லை. மறுநாள் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன், எதுவும் கழியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போனதும் அந்தச் செலவே நினைவில் இல்லை.

மாதக் கடைசி. சம்பளம் வர இன்னும் இரண்டு நாள். வீட்டு வாடகை ஆட்டோ டெபிட்டில் போகும். முந்தின நாள் இரவு இருப்பைப் பார்த்தேன். வாடகை போகக் கொஞ்சம் மிஞ்சும் போலிருந்தது. சரி என்று படுத்துவிட்டேன். விடிகாலையில் எழுந்தால் மூன்று செய்திகள். முதலாவது, விமானத்தில் வாங்கியதற்கான தொகை கழிந்தது. இரண்டாவது, போதிய இருப்பு இல்லாமல் வாடகை திரும்பியது. மூன்றாவது, திரும்பியதற்கான அபராதம்.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பணம் இல்லையென்றால் முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. 6 வருடமாக ஒரு நாள் தவறாமல் கொடுத்துவந்த வாடகை அது.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டித் தேடினேன். ஓரப் பாக்கெட்டில் நான்காக மடித்த சீட்டு கிடைத்தது. சூட்டில் அச்சாகும் தாள் என்பதால் மடிப்பில் விழுந்த எழுத்தெல்லாம் வெளிறிப்போயிருந்தது. தொகை தெரியவில்லை. தேதியும் கார்டின் கடைசி 4 எண்களும் மட்டும் தெரிந்தன. 11 நாள் பழைய தேதி.

வங்கியில் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்கள். வானத்தில் மெஷினுக்கு வங்கியோடு தொடர்பு இல்லை. கார்டில் உள்ள சிப்பும் மெஷினும் பேசி முடித்துக்கொள்கின்றன. விவரம் மெஷினிலேயே தங்கியிருந்து, அதை எப்போது அனுப்புகிறார்களோ அப்போதுதான் வங்கிக்கே தெரியுமாம். அதுவரை வங்கி காட்டுகிற இருப்பில் அந்தச் செலவு இல்லை. வங்கி பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரியுமே. நான்தான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

கல்லா:

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் நான். எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் கார்டைத் தேய்த்தவுடன் மெஷினில் 'அனுமதி' என்று வருகிறதே, அதோடு பணம் எனக்கு வந்துவிடுவதில்லை. அன்றைய விற்பனையெல்லாம் மெஷினில் ஒரு கட்டாகச் சேர்ந்து நிற்கும். இரவு கடை சாத்தும்போது செட்டில்மென்ட் போட வேண்டும். அப்போதுதான் அந்தக் கட்டு என் வங்கிக்குப் போய், அங்கிருந்து உங்கள் வங்கிக்குப் போகும். பல மெஷின்கள் இதைத் தானாகவே செய்துகொள்ளும். என்னுடைய பழைய மெஷின் செய்யாது.

ஒரு முறை எனக்குக் காய்ச்சல். 4 நாள் மச்சினன் கடையைப் பார்த்துக்கொண்டான். விற்பதெல்லாம் சரியாக விற்றான், செட்டில்மென்ட் பற்றி அவனுக்குத் தெரியாது, நானும் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்தாம் நாள் நான் வந்து போட்டேன். எல்லாம் சேர்ந்து போயிற்று.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். பாஸ்புக்கைக் கவுண்டரில் விரித்து ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்தத் தேதியில் நான் உங்கள் கடைக்கே வரவில்லையே" என்றார். அவருடைய சேமிப்பே சின்னது, அதில் ஒவ்வொரு வரியையும் அவர் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தது தெரிந்தது. நான் சீட்டுக் கட்டைப் பிரித்துத் தேடினேன். அவர் கையெழுத்தோடு எங்கள் பிரதி இருந்தது, தேதி 5 நாள் முந்தி. பேத்திக்கு வாங்கிய வண்ணப் பென்சில் பெட்டி. பாஸ்புக்கில் விழுந்தது பணம் போன தேதி, வாங்கிய தேதி அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அப்போ நான் வாங்கினதுதான்" என்றார். என் தவறுக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இரவு 9 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். செட்டில்மென்ட் சீட்டு மெஷினிலிருந்து வெளியே வராமல் விளக்கை அணைப்பதில்லை.

மூன்றாம் மாடி:

எனக்கு நடந்தது இதற்கு நேரெதிர். விடுதியில் அறை எடுத்தபோது முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்தார்கள். அறையைக் காலி செய்யும்போது மொத்தப் பில்லையும் அதே கார்டில் கட்டினேன். பிடித்து வைத்தது அப்படியே நிற்கிறது, பில்லும் தனியாகப் போய்விட்டது. ஒரே தங்கலுக்கு இரண்டு முறை பணம் கட்டியவன் நிலை. ஊர் திரும்புவதற்கான டிக்கெட்டுக்குக் கையில் இல்லை. நண்பனிடம் வாங்கித்தான் வந்தேன்.

விடுதியில் கேட்டால் "நாங்கள் எடுக்கவில்லை, வங்கியைக் கேளுங்கள்" என்றார்கள். வங்கியில் கேட்டால் "விடுதி விடுவிக்க வேண்டும்" என்றார்கள். இரண்டுமே உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. விடுதி அதை எடுக்கவில்லை, எடுப்பேன் என்று சொல்லி ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறது. சீட்டில் 6 எழுத்துகளில் ஓர் அனுமதி எண் இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 'இந்தப் பிடித்தம் எங்களுக்கு வேண்டாம்' என்று விடுதியிடமிருந்து வங்கிக்கு ஒரு கடிதம் போனது. மறுநாளே விடுவித்தார்கள். எண் இல்லாமல் 6 நாள் அலைந்திருந்தேன்.

இப்போதெல்லாம் விடுதிக்கும் வாடகைக் காருக்கும் டெபிட் கார்டு கொடுப்பதில்லை. கிரெடிட் கார்டில் பிடித்தால் கடன் வரம்புதான் குறையும், டெபிட்டில் பிடித்தால் என் சொந்தக் காசு மாட்டிக்கொள்ளும்.

தூரப்பயணி:

பெட்ரோல் பங்கிலும் இதே கதைதான். ஆள் இல்லாத, நாமே நிரப்புகிற பங்குகளைச் சொல்கிறேன். எவ்வளவு நிரப்பப் போகிறோம் என்பது மெஷினுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் சில இடங்களில் பெரிய தொகையாகப் பிடித்துவைப்பார்கள். சில இடங்களில் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பேருக்கு ஒரு சின்னத் தொகை மட்டும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. செயலியில் சின்னத் தொகை தெரியும், அவ்வளவுதான் செலவு என்று மனசு எடுத்துக்கொள்ளும், உண்மையான பில் பின்னால் வரும்.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் தொகையே மாறலாம். தேய்த்த அன்று ஒரு மாற்று விகிதம், கணக்கில் ஏறும் அன்று இன்னொரு விகிதம். நான் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் குறித்துக்கொள்வேன்.

இரவுப்பணி:

கார்டுப் பரிவர்த்தனைகளைக் கையாளும் இடத்தில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கே எழுதிய எல்லாருக்கும் நடந்ததன் வேர் ஒன்றுதான்.

கார்டுச் செலவு என்பது இரண்டு தனித்தனி வேலை. ஒன்று, 'இவரிடம் இவ்வளவு இருக்கிறதா, கொடுக்கலாமா' என்று கேட்பது. இன்னொன்று, 'சரி, இப்போது கொடு' என்று கேட்பது. இந்தப் பிரிவு பழையது. பின்னாளில் விசா என்று பெயர் மாறிய நிறுவனம் 1973இல் அனுமதி கேட்பதைக் கணினிக்கு மாற்றியது. அதற்கு முன் கடைக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. காகிதச் சீட்டுகளை வங்கிகளுக்கிடையே அனுப்பிக் கணக்குத் தீர்க்கிற வேலையை 1974இல்தான் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்து வந்த இரண்டு ஏற்பாடுகள். இன்றும் பெரும்பாலான கடைச் செலவுகள் அந்த இரண்டு படியில்தான் நடக்கின்றன. ஏடிஎம்மிலோ கேட்பதும் கொடுப்பதும் பொதுவாக ஒரே செய்தியில் முடிந்துவிடும். அதனால்தான் ஏடிஎம்மில் எடுத்தது அந்த நொடியே கழிகிறது.

நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று. அனுமதிக்கு ஆயுள் உண்டு. சாதாரணச் செலவுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம்போல, விடுதிக்கும் வாடகைக் காருக்கும் சில சமயம் ஒரு மாதம் வரைகூட. அதற்குள் கடை பணம் கேட்டு வரவில்லையென்றால் வங்கி பிடித்ததை விட்டுவிடும். செயலியில் இருப்பு கூடிவிடும். இதைப் பார்த்துப் 'பணம் திரும்பிவிட்டது' என்று நினைத்துச் செலவழித்துவிடுகிறார்கள். திரும்பவில்லை. அந்தப் பணத்துக்குப் போட்ட காவலை வங்கி விலக்கியிருக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர் பிறகு அனுப்பினாலும் அநேகமாக ஏறிவிடும். இருப்பு பத்தாவிட்டால் கணக்கு கழித்தலில் போய், அதற்கும் கட்டணம் போடுகிற வங்கிகள் உண்டு. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் அழுதுகொண்டு போன் செய்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் ஊதாரிகள் அல்ல. திரையில் தெரிந்த எண்ணை நம்பியவர்கள்.

தாழம்பூ:

இதைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா செக் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செக்கை எழுதுவதற்கு முன்னால், கிழித்த பிறகும் புத்தகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டையைத்தான் நிரப்புவார். தேதி, யாருக்கு, எவ்வளவு, மீதி எவ்வளவு. அப்புறம்தான் செக். கிழித்ததும் அந்தப் பணம் போய்விட்டது என்பதுதான் அவர் கணக்கு. வாங்கியவர் நாளைக்குப் போடுகிறாரா, அடுத்த மாதம் போடுகிறாரா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. "கையெழுத்துப் போட்டாச்சுன்னா அது நம்ம பணம் இல்லை" என்பார்.

செக் தாமதமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் எழுதிவைத்தோம். கார்டு கண்ணெதிரே 'டிங்' என்று முடிந்துவிடுகிறது, அதனால் எழுதுவதை விட்டுவிட்டோம். ஆனால் உள்ளே நடப்பது பாதி செக் மாதிரிதான் என்று இரவுப்பணி எழுதியதைப் படித்தபின் புரிகிறது. கார்டுக்கு அடிக்கட்டை இல்லாததுதான் குறை. நான் ஒரு சின்ன நோட்டில் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். தேய்த்த தேதி, எங்கே, எவ்வளவு, கடைசியாக ஒரு காலி இடம். வங்கிக் கணக்கில் ஏறியதும் அந்த இடத்தில் டிக். ஞாயிறு காலையில் ஒரு கால் மணி நேரம் போதும்.

மூன்றாம் மாடி:

தாழம்பூ, ஒரு சந்தேகம். நான் இதைச் செய்து பார்த்துக் குழம்பிவிட்டேன். டிக் போடாததையெல்லாம் செயலியில் காட்டுகிற இருப்பிலிருந்து கழித்தேன். ரொம்பக் குறைவாக வந்தது.

இரவுப்பணி:

நான் சொல்கிறேன். உங்கள் செயலியில் இரண்டு எண்கள் இருக்கும், தேடிப் பாருங்கள். ஒன்று கணக்கில் உண்மையாக ஏறியவற்றை மட்டும் வைத்த இருப்பு. இன்னொன்று 'பயன்படுத்தக்கூடிய இருப்பு', அதில் நிலுவையில் பிடித்து வைத்தவை ஏற்கெனவே கழிந்திருக்கும். நீங்கள் அந்த இரண்டாவதிலிருந்து மறுபடி கழித்திருக்கிறீர்கள், அதனால் ஒரே செலவு இரண்டு முறை போனது. முதல் எண்ணிலிருந்து டிக் இல்லாத எல்லாவற்றையும் கழியுங்கள். அல்லது இரண்டாவது எண்ணிலிருந்து, நிலுவையில்கூடத் தெரியாதவற்றை மட்டும் கழியுங்கள். கூடுதல் கடன் வசதி இருக்கிற கணக்கு என்றால் சில வங்கிகள் அதையும் 'பயன்படுத்தக்கூடிய' என்பதில் சேர்த்துக் காட்டும். அதனால் முதல் வழிதான் பாதுகாப்பு.

தூரப்பயணி:

பொருளைத் திருப்பிக் கொடுத்து வர வேண்டிய பணத்தையும் நோட்டில் எழுதுங்கள், ஆனால் கூட்டாதீர்கள். 'அனுப்பிவிட்டோம்' என்று கடை சொன்ன பிறகு 8 நாள் காத்திருந்திருக்கிறேன். கணக்கில் ஏறும்வரை அது பேச்சு.

வானம்பாடி:

எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தாழம்பூவின் அம்மா சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். வாடகைத் தேதியையும் பேசி, சம்பளத்துக்கு மூன்று நாள் பின்னால் தள்ளிவிட்டேன். வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கொண்டார்.

நோட்டு ஆரம்பித்து 3 வாரம் ஆகிறது. இதுவரை 23 வரி. 22க்கு டிக் விழுந்துவிட்டது. ஒன்று மட்டும் நிற்கிறது. கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றிய செலவு. 16 நாள் ஆகிறது, இரண்டு நாள் நிலுவையில் தெரிந்தது, அப்புறம் காணவில்லை. கல்லா, கடையில் போய்ச் சொல்லவா?

கல்லா:

சொல்லுங்கம்மா. சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவருக்கு இன்னும் பணம் வந்திருக்காது, ஒருவேளை அவரும் கவனிக்காமல் இருக்கலாம்.