சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் சார்பில் நன்றி: எப்போது, எப்படி?

ஈசூன் வாணி:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் வசிப்போர் கட்டமைப்பு (குடியிருப்பாளர் குழு) அறையில் இலவசமாக வகுப்பு எடுக்கிறார். பாடத்தோடு நிற்பதில்லை. யார் பசியோடு வந்திருக்கிறது, யார் முகம் வாடியிருக்கிறது என்று முதலில் கவனிப்பவர் அவர்தான். இந்த ஆண்டு 12 பேர் தொடக்கநிலை 6 முடிக்கிறார்கள். அங் பாவ் (பணம் வைத்த உறை) நீட்டினால் வாங்கமாட்டார். பிள்ளைகளின் கடிதங்களைப் புத்தகமாகக் கட்டித் தரலாம் என்று யோசனை. எப்படிக் கட்டுவது? எப்போது கொடுப்பது: ஆசிரியர் தினத்திலா, பிஎஸ்எல்இ (தொடக்கநிலை 6 இறுதித் தேர்வு) முடிவு வந்த பிறகா?

ஜூரோங் மாறன்:
இரண்டும் வேண்டாம். ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளி. அப்போது எழுத்துத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும். பிள்ளை பேரில் அம்மாதான் கடிதம் எழுதுவார். முடிவு வருவது நவம்பர் பிற்பகுதியில். அதற்குப் பிறகு வைத்தால் நன்றியெல்லாம் மதிப்பெண்ணுக்குப் போய்விடும். குறைவாக வாங்கிய பிள்ளை அன்றைக்கு வராது. தேர்வு முடிந்ததற்கும் முடிவு வருவதற்கும் நடுவே ஒரு சனிக்கிழமை பாருங்கள், தீபாவளிக்கு முந்திய வாரத்தை விட்டுவிட்டு. வழக்கமான நேரம், வழக்கமான அறை. வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்) மேசை போடுவதென்றால் நகர மன்ற அனுமதி, மின்சாரம் என்று வேலை நீளும்.

கடிதம் பற்றி ஒன்று. “டீச்சருக்கு நன்றி எழுது” என்று சொன்னால் 12 தாளிலும் “நீங்கள் மிகவும் அன்பானவர்” என்றே வரும். கேள்வியாகக் கேளுங்கள். அவர் சொல்லிக்கொடுத்த எந்தச் சொல் இன்னும் வாயில் வருகிறது? எதற்குக் கண்டித்தார்? தப்பாகப் படித்தபோது என்ன செய்தார்? ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும். இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்து உட்கார வைக்காதீர்கள், பார்த்து எழுதிவிடும்.

கைவினை லதா:
புத்தகத்துக்கு வருகிறேன். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஒரு தாளுக்கு 4 பக்கம். அதனால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். உங்களுக்குக் கணக்கு அழகாக அமைகிறது: முன்னட்டை, தலைப்புப் பக்கம், 12 கடிதம், வகுப்புப் படம், பின்னட்டை. 16 பக்கம், 4 தாள்.

மடித்த தாளில் நேரடியாக எழுத விடாதீர்கள். ஒருவர் மை கொட்டினால் அதே தாளில் இருக்கும் மற்றவர் கடிதமும் போச்சு. ஆளுக்கு ஒரு ஏ5 தாள், கறுப்புப் பேனா, தைக்கும் ஓரத்தில் 2 செ.மீ. வெற்றிடம். பென்சில் கூடாது, ஸ்கேன் செய்தால் மங்கிவிடும். ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ போதும். அச்சிடும்போது வெளித்தாளின் ஒரு புறம் பக்கம் 16, 1. மறுபுறம் 2, 15. உள்ளே வர வர 14, 3 என்று போகும். அச்சு அமைப்பில் ‘புக்லெட்’ என்று தேர்ந்தெடுத்தால் கணினியே அடுக்கித் தரும். ஆனால் குறுகிய ஓரத்தில் புரட்டும்படி வைக்காவிட்டால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பை எட்டாது. நூல்தான் சரி. மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல் துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. நூலின் இரு முனையும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கத்தில் முடிந்தால் தொளதொளவென்று ஆடும்.

மூலக் கடிதங்களை வீசிவிடாதீர்கள். உறையில் போட்டு அதையும் கொடுங்கள்; மை பட்ட தாளுக்கு ஈடில்லை.

தேக்கா மீனா:
பொன்னாடை போர்த்துவதென்றால் பெண்களில் மூத்தவர் ஒருவர் போர்த்தட்டும். மாலையை பஃபலோ ரோடு பூக்கடையில் முந்தின நாளே சொல்லி வைத்து, அன்று காலையில் எடுங்கள். முதல் நாளே வாங்கிவிட்டால் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்; ஃபிரீசரில் வைத்தால் மல்லிகை கறுத்துவிடும். சாப்பாட்டுக்கு முன் அவருக்குச் சர்க்கரை உண்டா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். கேசரியை நீட்டி அவரைத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று, எல்லாரும் மறப்பது: அந்த அறையைத் திறந்து நாற்காலி போடுபவர் யார்? பிள்ளைகள் வரும்வரை விளக்கை அணைக்காமல் காத்திருப்பவர்? அவருக்கும் ஒரு கடிதம் வேண்டும்.

ஈசூன் வாணி:
ஆமாம், ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) இருக்கிறார்! அவருக்கு ஆங்கிலத்தில் எழுதி, கடைசி வரியில் மலாயில் நன்றி, ‘தெரிமா காசே’ என்று போடச் சொல்கிறேன். சாப்பாடும் ஹலாலாக இருக்கட்டும். கடிதங்களில் ற-ர, ன-ண பிழைகளைத் திருத்திவிட்டு அச்சிடட்டுமா?

ஜூரோங் மாறன்:
பெயரை மட்டும் சரிபாருங்கள். மற்றதைத் தொடாதீர்கள். சிவப்புப் பேனா அவர் கைப்பையிலேயே இருக்கும்.