உதவி: சைக்கிளில் பெரிய பல்லுக்குப் போனால் கடகட சத்தம், நாளை காலை கிளம்ப வேண்டும்

ஆற்றோரப்பயணி (சனி, மாலை 6.40)
வணக்கம். சைக்கிளின் பின் கியர் சின்னப் பற்களில் (பின் சக்கரத்துப் பல்சக்கரங்களில் சின்னவற்றில்) ஒழுங்காக மாறுகிறது. ஏற்றத்தில் பெரிய பற்களுக்குப் போனால் கடகடவென்று சத்தம், சில நேரம் தானாகத் தாவுகிறது. கேபிள் திருகைத் திருப்பிப் பார்த்தேன், பெரிய பக்கம் சரியானால் சின்னப் பக்கம் கெடுகிறது. நாளை காலை கிளம்ப வேண்டும், கடை எதுவும் இல்லை. யாராவது கெதியாகச் சொல்லுங்கள்.

மலைச்சரிவு (6.52)
என்ன சைக்கிள், பின்னால் எத்தனை பல், கேபிளா மின்சார கியரா? சத்தம் எப்போது ஆரம்பித்தது? எங்கே இருக்கிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொன்னாலும் ஊகம்தான். முடிந்தால் சைக்கிளுக்கு நேர் பின்னால் குனிந்து, டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்) தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள்.

செயின்ராசா (7.01)
செயின் தேய்ந்திருக்கும். தாவுகிறது என்றாலே முதலில் செயினைப் பார்க்க வேண்டும். 11 வேகச் செயினில் (பின்னால் 11 பல் உள்ள சைக்கிளின் செயின்) 0.5 சதவீதம் நீண்டுவிட்டால் மாற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கேசட்டையும் (பின் பற்களின் தொகுதி) தின்றுவிடும். அளவுகோல் இருக்கிறதா?

இரும்புக்குதிரை (7.09)
பிரிவின் தலைப்பில் நான் ஒட்டிவைத்த 'கேள்வி கேட்பதற்கு முன்' பதிவை யாரும் படிப்பதில்லை. சைக்கிளின் பெயர்கூட இல்லாத கேள்விக்கு என்ன பதில் சொல்வது? தம்பி, நீண்ட பயணம் போகிறவர் தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்துகொண்டு போக வேண்டும். என்னுடையது ஸ்டீல் ஃபிரேம், உராய்வு லீவர். அதில் கிளிக் என்பதே கிடையாது, கை எங்கே நிறுத்துகிறதோ அங்கே செயின் நிற்கும். இந்த மாதிரிக் கேள்வியே எழாது.

கேபிள்காரன் (7.15)
ஷிமானோவின் 105, அல்டெக்ரா வகை 11 வேக ஷிஃப்டர்களில் (கைப்பிடியில் உள்ள கியர் லீவர்) எனக்குத் தெரிந்த பெரிய நோய் ஒன்று உண்டு. கேபிளின் தலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், லீவருக்கு உள்ளேயே, இழை இழையாக அறுந்துகொண்டு வரும். வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று முழுவதும் அறுந்தால் சின்னப் பல்லிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள்.

ஆற்றோரப்பயணி (7.31)
நன்றி எல்லோருக்கும். 105, 11 வேகம், கேபிள். அலுமினியம் ஃபிரேம், ரிம் பிரேக், கேசட் 11-32 (மிகச் சின்னதில் 11 முனை, மிகப் பெரியதில் 32). செயின் ஏப்ரலில் மாற்றியது. பிரான்ஸில் லோட் ஆற்றங்கரையில், பூஸியேஸ் கிராமத்தில் தங்கியிருக்கிறேன். நாளை செலே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஃபிஜாக், அப்புறம் கோங்க்.

செலேவாசி (7.44)
பூஸியேஸா! காஹோருக்கு ரயிலில் வந்தீர்களா? சைக்கிளைப் பையில் போட்டா? அப்படியென்றால் பின் சக்கரத்தைக் கழற்றியிருப்பீர்கள். டெரெய்லர் பக்கம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா?

ஆற்றோரப்பயணி (7.50)
ஓம், பாரிஸ் ஆஸ்டெர்லிட்ஸில் இருந்து ரயில். பையில்தான். இரண்டு சக்கரமும் கழற்றினேன். மேலே யாரோ பெரிய பெட்டியை வைத்திருந்தார்கள். காஹோரில் பூட்டி 30 கிலோமீட்டர் வந்த பிறகுதான் கவனித்தேன், சென்-சிர்க்-லபோப்பி ஏற்றத்தில்.

செலேவாசி (8.06)
இதுதான் விஷயம். ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று பந்தயமே கட்டுவேன். டெரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். அடிபட்டால் ஃபிரேமுக்குப் பதிலாக அது வளையட்டும் என்று. பையில் படுத்திருக்கும்போது மேலே பாரம் விழுந்தால் டெரெய்லர் உள்பக்கமாகச் சாயும். அப்போது ஒரு முனையில் சரிசெய்தால் மறுமுனை கெடும். நீங்கள் முதல் பதிவில் சொன்ன அறிகுறியே அதுதான்.

கேபிள்காரன் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: திருகினால் கொஞ்ச தூரம் சரியாக ஓடும், பிறகு மெல்ல மெல்ல எல்லாப் பல்லிலும் விலகும்.

முதலில் இரண்டு நிமிட வேலை. பின் சக்கரத்தைத் தளர்த்தி, சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, அச்சு பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கோணலாக உட்கார்ந்தாலும் இதே சத்தம் வரும். பிறகு பின்னால் குனிந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் கேசட் பல்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் பின் சக்கரக் கம்பிகள் (ஸ்போக்ஸ்) பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர்தான்.

அதுவரை மிகப் பெரிய பல்லைத் தொடவே வேண்டாம். ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது டெரெய்லர் ஸ்போக்ஸில் சிக்கினால் சக்கரமும் போகும், டெரெய்லரும் போகும்.

செயின்ராசா (8.13)
ஏப்ரலில் மாற்றினார் சரி, கேசட் பழசுதானே? புதுச் செயின் பழைய கேசட்டில் தாவும்.

மலைச்சரிவு (8.20)
தாவும், ஆனால் அதிகம் பயன்படுத்தித் தேய்ந்த பற்களில். அது பெரும்பாலும் நடுவிலும் சின்னப் பக்கமும். 28, 32 பற்கள் அவ்வளவு சீக்கிரம் தேயாது. அத்தோடு ஏப்ரலிலிருந்து ஒழுங்காக ஓடியது ரயிலுக்குப் பிறகு கெட்டிருக்கிறது.

இரும்புக்குதிரை (8.31)
ஹேங்கரைத் தனித் துண்டாக வைப்பது பரவியது அலுமினியம் வந்த பிறகு. ஸ்டீல் ஃபிரேமில் வளைந்தால் நிமிர்த்திவிட்டுப் போகலாம். டூர் டி பிரான்ஸில் 1937 வரை டெரெய்லரே அனுமதி இல்லை, பிரெனே மலைகளை அதில்லாமலே ஏறினார்கள்.

செலேவாசி (8.38)
ஏறினார்கள் ஐயா, நடுவில் இறங்கிப் பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறினார்கள். அதே பிரான்ஸில்தான் செந்-எத்தியேனின் சைக்கிள் இதழாசிரியர் வெலோசியோ, பல வேகக் கியருக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். நாளை காலை ஒருவர் கிளம்ப வேண்டியிருக்கிறது, அவருக்கு உதவுவோம்.

பயணி, வழியையும் கொஞ்சம் மாற்றுங்கள். பாலத்தைக் கடந்து கோந்துஷேயில் டி41 சாலையைப் பிடித்தால் ஃபிஜாக் வரை செலே ஆற்றோடேயே போகும், 45-50 கிலோமீட்டர். ஆற்றுக்கு எதிராகப் போனாலும் ஏற்றம் மிக மென்மை. கப்ரெரெ கிராமத்தில் பெஷ் மெர்ல் குகைக்கு ஏறும் சாலை மட்டும் செங்குத்து. அங்கே உள்ள புள்ளிக் குதிரை ஓவியங்களை, சுமார் 29,000 ஆண்டுப் பழமை, பார்க்காமல் போகாதீர்கள். ஆனால் நாளைக்கு சைக்கிளை ஊரில் பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். மார்சிலாக்கில் பாதி இடிந்த மடாலயத்தின் அருகே நிழல் இருக்கும். எஸ்பாஞாக் கிராமம் செலே ஆற்றின் அக்கரையில், மரச்சட்டமும் செங்கலும் சேர்ந்த மணிக்கூண்டு. சாலையிலிருந்து பாலம் வழியாக ஒரு நிமிடம்தான். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய்கள், 'குடிநீர் அல்ல' என்ற பலகை இல்லாதபோது.

காற்றெதிரி (8.52)
சாலை எதற்கு? பூஸியேஸிலிருந்து சென்-சிர்க்குக்குப் பாறையைக் குடைந்த பழைய இழுபாதை இருக்கிறதே. படகுகளைக் கரையிலிருந்து இழுத்த பாதை, 19ஆம் நூற்றாண்டு. அதில் ஓட்டினால்தான் லோட் ஆற்றைப் பார்த்த மாதிரி. நான் 28 மி.மீ. டயரில் ஓட்டினேன்.

மலைச்சரிவு (8.58)
அந்தப் பாதையில் நடப்பவர்கள் கூட்டம், தலைக்கு மேலே தாழ்ந்த பாறை, ஓரத்தில் நேராக ஆறு. மழை பெய்திருந்தால் சுண்ணாம்புக் கல் வழுக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. ரோடு சைக்கிளுக்கு அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

காற்றெதிரி (9.04)
காலை 7 மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் லோட் கரைச் சாலை டி662-இல் கோடையில் கேம்பிங் வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன, அது ஆபத்தில்லையா?

மலைச்சரிவு (9.07)
ஆபத்துதான். அதனால்தான் செலேவாசி டி41 சொன்னார். அவர் டி662-ஐச் சொல்லவே இல்லை.

செலேவாசி (9.15)
இருவரும் வேறு இழை திறந்து பேசுங்கள், நானும் வருகிறேன். அங்கே சுண்ணாம்புப் பீடபூமிச் சாலைகளையும் சேர்த்துப் பேசுவோம், பள்ளத்தாக்கை விட அவை அமைதி.

ஆற்றோரப்பயணி (9.22)
சக்கரத்தைக் கழற்றிப் பூட்டினேன், மாற்றமில்லை. பின்னால் பார்த்தால் கீழ்ச் சக்கரம் தெளிவாக உள்ளே சாய்ந்திருக்கிறது. நாளை ஞாயிறு, திங்களும் இந்தப் பக்கம் கடைகள் திறக்காது என்கிறார்கள். கையால் வளைக்கலாமா?

மலைச்சரிவு (9.36)
டெரெய்லரைப் பிடித்து இழுக்காதீர்கள், அதன் கூண்டு முறுக்கிக்கொள்ளும். தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் பழைய சைக்கிள் ஏதாவது கிடக்கிறதா என்று கேளுங்கள். ஹேங்கர் துளையின் புரி (திருகு வரி) எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. பல பழைய பின் சக்கரங்களின் அச்சிலும் அதே புரி. அந்தச் சக்கரத்தின் அச்சுக்குள் ஓடும் க்விக் ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு, உங்கள் டெரெய்லரைக் கழற்றிவிட்டு, அந்த அச்சைத் துளையில் கையால் திருகுங்கள். தடையில்லாமல் ஏறினால் மட்டும். இறுகினால் நிறுத்திவிடுங்கள், புரி வேறு.

ஏறினால் இரண்டு சக்கரங்கள் அருகருகே நிற்கும். மேல், கீழ், முன், பின் நான்கு இடத்திலும் ரிம்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். சமமாக இல்லாத பக்கம் அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாக வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே தடவையில் செய்யப் பாருங்கள். அலுமினியத்தை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடியும்.

சக்கரம் கிடைக்காவிட்டால்: டெரெய்லரில் 'எல்' என்று குறித்த திருகை வலப்பக்கம் திருப்பி, செயின் மிகப் பெரிய பல்லுக்குப் போக முடியாமல் செய்துவிடுங்கள். மீதி பத்துப் பல்லோடு டி41-இல் தாராளமாகப் போகலாம். கோங்க் மட்டும் ஹேங்கர் சரியான பிறகு. டெக்காஸ்வில் பக்கத்து மேடுகளும் கடைசி ஏற்றமும் பெரிய பல் இல்லாமல் முழங்காலைக் கேட்கும். ஃபிஜாக்கில் ரயில் நிலையம் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

இரும்புக்குதிரை (9.48)
அச்சு முறை சரியான முறை. நானும் அப்படித்தான் செய்வேன். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் அளப்பது சுலபம்.

கேபிள்காரன் (9.55)
எதற்கும் ஷிஃப்டரின் ரப்பரை விலக்கி ஒரு பார்வை பாருங்கள். உதிரிக் கேபிள் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஆற்றோரப்பயணி (செவ்வாய், இரவு 9.10)
வீட்டுக்காரரின் கொட்டகையில் பழைய சக்கரம் இருந்தது, புரி ஏறியது. கீழே 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். நிமிர்த்தியபின் எல்லாப் பல்லும் மாறுகிறது. கேபிளில் குறையில்லை. குகைக்கு நடந்தே ஏறினேன். இன்று கோங்க் வந்துவிட்டேன். மிக்க நன்றி.

செலேவாசி (9.26)
நல்ல செய்தி. ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த ஹேங்கரை நம்பி அடுத்த பயணம் போகாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வடிவம் வேறு, உங்கள் சைக்கிளின் மாடலையும் ஆண்டையும் சொல்லி இரண்டு வாங்கி, ஒன்றைப் பொருத்தி ஒன்றைப் பையில் வையுங்கள். அடுத்த தடவை ரயிலில் டெரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள், ஒரே ஒரு ஆலன் சாவி வேலை.

காற்றெதிரி (9.40)
இழுபாதையில் போனீர்களா?